கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய்வர வசதியாக, கட்டுப்படியாகிற வாடகைக்கு எங்கே தேடலாம்?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கைக்குக் கிண்டி வளாகத்தில் பி.ஆர்க். (ஆர்க்கிடெக்சர், கட்டடக்கலை) இடம் கிடைத்திருக்கிறது. அவருக்கும் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. அம்மாவை ஊரில் தனியாக விட மனசில்லை, மூன்று பேருமாகவே வந்துவிடலாம் என்று இருக்கிறார்கள். வாடகை 15,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைக்குமா, இல்லையென்றால் எந்தப் பக்கம் பார்ப்பது என்பது கேள்வி.

நடந்து போகிற தூரத்தில், இந்த வாடகைக்கு, மூன்று பேர் இருக்கிற மாதிரி வீடு கிடைப்பது ரொம்பக் கஷ்டம் தம்பி. ஏன் என்று ஒரு தடவை மேப்பைப் பார்த்தால் புரிந்துவிடும். பல்கலைக்கழகத்தின் பிரதான வாசல் சர்தார் படேல் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையின் தென்பக்கம் கவர்னர் மாளிகை, கிண்டி தேசியப் பூங்கா, காந்தி மண்டபம், அப்புறம் ஐ.ஐ.டி. வரிசையாக மரமும் மானும்தான், குடியிருப்பு கிடையாது. வடக்கே அடையாறு ஆறு. மிஞ்சுவது கிழக்கே கோட்டூர், கோட்டூர்புரம், அதைத் தாண்டி காந்தி நகர், கஸ்தூர்பா நகர்; மேற்கே சின்னமலைப் பக்கம் கொஞ்சம். இந்தக் கைக்குட்டை அகல இடத்துக்குத்தான் இரண்டு பெரிய கல்வி வளாகத்து ஆட்களும் போட்டி போடுகிறார்கள். கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிற குடும்பங்களும் அங்கேயே மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகின்றன. போதாததற்குத் தரமணி, பெருங்குடி ஐ.டி. சம்பளக்காரர்கள் வேறு. வாடகை ஏறாமல் என்ன செய்யும்?

கோட்டூர் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அது பழைய கிராமம். கோட்டூர்புரத்து அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஆட்டோ திரும்பவே யோசிக்கிற சந்துகளில் இன்னும் பழைய போர்ஷன் வீடுகள் இருக்கின்றன. தெரிந்தவர் மூலமாக வந்தால் விடாதீர்கள். ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். கோட்டூர்புரத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கேட்கிற பணத்தில் ரயில் பாதை ஓரமாகத் தெற்கே நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனால் கூடுதலாக ஒரு அறையும் துணி காயப்போட ஒரு மொட்டை மாடியும் கிடைக்கும்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: கல்லூரி வாசலிலிருந்து கிலோமீட்டர் எண்ணாதீர்கள், கிண்டி ரயில் நிலையத்திலிருந்து ஸ்டேஷன் எண்ணுங்கள். கடற்கரை–தாம்பரம் பாதையில் கிண்டிக்குத் தெற்கே பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று வருகிறது. ஒவ்வொரு ஸ்டேஷன் தள்ளும்போதும் வாடகை ஒரு படி இறங்கும். பயண நேரமோ மூன்று நாலு நிமிடம்தான் கூடும். உங்களுக்கு இன்னொரு சௌகரியம், தொழிற்பேட்டைக்கும் அதே கிண்டி ஸ்டேஷன்தான். காலையில் அண்ணனும் தங்கையும் ஒரே ரயிலில் ஏறி ஒரே இடத்தில் இறங்கலாம்.

இதில் என் ஓட்டு பரங்கிமலை ஸ்டேஷனை ஒட்டிய ஆதம்பாக்கம், ஆலந்தூர், அதற்கடுத்த ஸ்டேஷனான பழவந்தாங்கல் மூன்றுக்கும்தான். நானே ஆதம்பாக்கத்துக்காரன் என்பதால் கொஞ்சம் சொந்த ஊர்ப் பாசம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஆதம்பாக்கத்தில் பரங்கிமலை ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடையில் வீடு பிடித்தால் காலை நேரம் இப்படிப் போகும்: பத்து நிமிடம் நடை, ஐந்து நிமிடம் ரயிலுக்குக் காத்திருப்பு, அடுத்த ஸ்டேஷன் கிண்டி. சிக்கலே அதற்கு அப்புறம்தான். ஸ்டேஷனிலிருந்து பல்கலைக்கழக வாசல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். வெயிலில், தோளில் பையும் கையில் மாடலும் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். தாம்பரம் பக்கமிருந்து கிண்டி, காந்தி மண்டபம், கோட்டூர்புரம் வழியாகப் பாரிமுனை போகிற 21ஜி அந்த வழிதான். காலை நெரிசலில் இந்த ஒரு துண்டுக்கு மட்டும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஆக வீட்டு வாசலிலிருந்து வகுப்புக்கு முக்கால் மணி நேரம். வேளச்சேரியிலிருந்து பஸ்ஸிலேயே வருகிறவர்களுக்கும் மழை நாளில் இதைவிட அதிகம் ஆகும்.

ஆர்க்கிடெக்சர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சப்மிஷன் வாரத்தில் தங்கை இருட்டிய பிறகுதான் கிளம்புவாள். தெர்மகோல் மாடலை வைத்துக்கொண்டு ரயிலில் நிற்க முடியாது, ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். பல்லாவரம், குரோம்பேட்டை வரை தள்ளிப் போனால் வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அந்த ஆட்டோவுக்கே போய்விடும். அதனால்தான் பழவந்தாங்கலோடு கோடு போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். இரவு எட்டு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள். கடைகள் திறந்திருக்கிற தெருவா, தெரு விளக்கு எரிகிறதா, நாய்க் கூட்டம் எங்கே படுத்திருக்கிறது என்பதெல்லாம் பகலில் வீடு பார்க்கும்போது தெரியாது.

போக்குவரத்துச் செலவு பெரிதாக வராது. பட்டப்படிப்பு வரை படிக்கிற மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசனை ரயில்வே இலவசமாகத் தருகிறது. பலருக்கு இது தெரியாமலே நாலு வருடம் ஓடிவிடுகிறது. கல்லூரியில் சான்று வாங்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் கவுன்ட்டரில் கேட்கச் சொல்லுங்கள். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 முதல் பெண்களுக்குக் காசு கிடையாது. அம்மா கோயில் குளம் என்று கிளம்பினாலும் அதே கணக்குதான். உங்கள் ஒருவருடைய சீசன்தான் செலவு.

ஆலந்தூர் பக்கத்துக்கு ஒரு பழைய நல்ல பெயர் உண்டு. 2011-இல் மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்னால் அது தனி நகராட்சி. ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் எல்லாம் அதில்தான் இருந்தன. வீட்டுக்கு வீடு மக்களிடமே முன்பணம் வாங்கி, 2000-களின் தொடக்கத்திலேயே பாதாளச் சாக்கடை போட்ட நகராட்சி அது. மற்ற புறநகர்கள் செப்டிக் டேங்க் லாரியை எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம். வாடகைக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. மழை வந்து டேங்க் நிரம்பி, ஓனரும் லாரிக்காரரும் போனை எடுக்காமல் போகும்போதுதான் கேட்பார்கள்.

மற்ற பகுதிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நங்கநல்லூர் அமைதியான இடம், ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கும். வாடகை ஆதம்பாக்கத்தைவிட ஒரு படி மேலே. ‘வெஜிடேரியன் மட்டும்’ என்ற நிபந்தனையும் அங்கே அடிக்கடி காதில் விழும். போன் செய்யும்போதே நேராகக் கேட்டுவிடுங்கள், அலைச்சல் மிச்சம். பழவந்தாங்கல் சுரங்கப்பாதை பலத்த மழைக்கு நிரம்பிவிடும். ஸ்டேஷன் ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும்.

சைதாப்பேட்டையைச் சென்னைக்குப் புதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை. மறைமலை அடிகள் பாலத்துக்கு அந்தப் பக்கம், சைக்கிளிலேயே கல்லூரி போகலாம். புறநகர் ரயிலும் மெட்ரோவும் இரண்டும் உண்டு. மார்க்கெட்டில் காய்கறி மலிவு. வீடுகள் பழையவை. நாலு குடித்தனத்துக்கு ஒரே வாசல், மாடிப்படி குறுகல், பகலிலும் லைட் போட வேண்டிய சமையலறை. அதைச் சகித்துக்கொள்ள முடியுமென்றால் உங்கள் பட்ஜெட்டுக்கு வளாகத்தின் மிக அருகில் கிடைக்கக்கூடியது அதுதான். ஆற்றோரத் தெருக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வேளச்சேரியை எல்லோரும் முதலில் சொல்வார்கள். பறக்கும் ரயிலில், அதாவது மேம்பாலத்து மேல் ஓடுகிற உள்ளூர் ரயிலில், ஏறினால் பெருங்குடி, தரமணி, திருவான்மியூர், இந்திரா நகர் தாண்டி கஸ்தூர்பா நகரிலோ அதற்கடுத்த கோட்டூர்புரத்திலோ இறங்கலாம். கோட்டூர்புரத்தில் இறங்கினால் காந்தி மண்டபம் சாலை வழியாக வளாகத்துக்குப் போய்விடலாம். பழுதில்லாத வழிதான். ஆனால் ஐ.டி. காரர்களுக்காகவே கட்டிய அடுக்குமாடிகள் நிறைய, வாடகைக்கு மேலே மெயின்டனன்ஸ் தனி. ஏரியை நெருக்கிக் கட்டிய ஊர் என்பதால் மழைக் கவலையும் உண்டு. மடிப்பாக்கத்தில் வாடகை குறைவுதான், ஆனால் ரயில் தூரம். உங்கள் தேவைக்கு ஒத்துவராது.

இதைப் படிக்கிற தனிக்கட்டை முதுகலை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு தேடி நாயாய் அலைவதற்குப் பதிலாகத் திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பாருங்கள். பேச்சிலர் என்றால் மூஞ்சியைச் சுளிக்காத பேட்டை அது. தெருவுக்கு நாலு மெஸ். திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் நேராகக் கோட்டூர்புரம். அப்புறம், ‘அண்ணா பல்கலை’ என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் எந்த வளாகம் என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் இன்னொரு வளாகமான எம்.ஐ.டி. குரோம்பேட்டையில் இருக்கிறது. அங்கே சேர்ந்தவர் கிண்டிக்குப் பக்கத்தில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்த கதையும் எனக்குத் தெரியும்.

இனி தண்ணீர். சென்னையில் வீடு பார்ப்பதில் பாதி வேலை தண்ணீர் பார்ப்பது. இல்லாத தண்ணீர், வேண்டாத தண்ணீர் இரண்டையும் சொல்கிறேன்.

குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து வாயில் விட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் துணியும் பாத்திரமும் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். பாத்ரூம் தரையிலும் வாளியிலும் செம்பழுப்புக் கறை இருந்தால் போர்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம் என்று அர்த்தம். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) சம்ப்புக்கு, அதாவது தரைத் தொட்டிக்கு வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, மோட்டார் போடுகிற உரிமை யாருக்கு என்று கேளுங்கள். இதை ஓனரிடம் கேட்காதீர்கள். அவர் ‘தண்ணிப் பிரச்சினையே கிடையாது’ என்றுதான் சொல்வார். கீழ்வீட்டு அம்மாவிடம், ‘2019 கோடையில் எப்படிச் சமாளிச்சீங்க?’ என்று கேளுங்கள். ஏரிகள் வறண்டு ஊரே லாரிக்குக் குடத்தோடு நின்ற வருடம் அது. அவர் சொல்கிற பதில்தான் அந்தத் தெருவின் ஜாதகம்.

வேண்டாத தண்ணீருக்கு இரண்டு வருடங்களை நினைவில் வையுங்கள்: 2015, 2023. முதலாவதில் செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட தண்ணீரும் மழையும் சேர்ந்து அடையாறு பெருகி, ஆற்றோரச் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. இரண்டாவதில் மிக்ஜாம் புயல், வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மாட்டின. இரண்டுமே டிசம்பர் மாதம். நீங்கள் வீடு பார்க்கப் போவதோ ஆடி, ஆவணி வெயிலில்.

2016 தொடக்கத்தில் என் மைத்துனனுக்காக ஆற்றோரத்தில் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். கீழ்த்தளம், வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. புத்தம் புது பெயின்ட், உள்ளே சாம்பிராணி வாசனை. ஹாலில் பிளக் பாயின்ட் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. என்ன சார் இவ்வளவு மேலே என்றேன். ‘சின்னப் பிள்ளைங்க கை வைக்கக் கூடாதில்ல’ என்றார் ஓனர். சரி என்று மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்தால், பெயின்டர் கைவிட்ட ஒரு துண்டுச் சுவரில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி பழுப்புக் கோடு. என் நெஞ்சு உயரம். சாம்பிராணி எதற்கென்று அப்புறம்தான் புரிந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மீட்டர் பெட்டியின் உயரத்தைப் பார்ப்பேன், பிறகு மாடிப்படிக்குக் கீழே குனிவேன். தெருவைவிட வாசற்படி தாழ்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பள்ளத்துக்குப் போன வீடுகள் ஆதம்பாக்கத்திலும் இருக்கின்றன. ஏரிப் பக்கத் தெருக்களில் கீழ்த்தளம் வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கு மூட்டு வலி இல்லையென்றால் முதல் மாடி.

பணத்துக்கு வருவோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். 15,000 வாடகைக்கு ஒன்றரை லட்சம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘எழுதிக்கொள்ளாவிட்டால்’ என்பதில் ஓனர்கள் நுழைந்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் சட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்று பேச்சோடு பேச்சாகக் காட்டினால் பத்து ஐந்தாக இறங்கும், பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை இப்போதே ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். சண்டை வருவதெல்லாம் அங்கேதான். நுழைகிற அன்றைக்கே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.

கரன்ட் பில்லில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டுக்கென்று தனி மின் இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், மிச்சத்துக்குத்தான் பில். ஓனரின் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குகிற வீடுகளும் நிறைய. ராத்திரி முழுக்க லேப்டாப்பும் ஃபேனும் ஓடுகிற வீடு உங்களுடையது. வாடகை ஆயிரம் ரூபாய் கூட இருந்தாலும் தனி இணைப்புள்ள வீடே லாபமாக முடியலாம். பொது மோட்டாருக்கு யார் கட்டுவது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் 15,000-ஐ வைத்து நேர்மையாகச் சொன்னால், பரங்கிமலை ஸ்டேஷன் நடைதூரத்தில் லிஃப்டும் கார் நிறுத்தமுமாகப் புது ஃப்ளாட் எதிர்பார்க்க வேண்டாம். பழைய தனி வீட்டின் மாடி போர்ஷன், ஒரு படுக்கையறை, ஹால், சமையலறை என்று தேடுங்கள். ஹாலில் நீங்கள் படுத்துக்கொண்டால் தங்கைக்கு வரைபலகை போட இடம் கிடைக்கும். வீடு அமைய நாளாகும் என்றால் அதுவரை தங்கை விடுதியில் இருக்கட்டும். வளாகத்துக்குள்ளேயே மாணவியர் விடுதி இருக்கிறது, வெளியூர்ப் பெண் என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பித்து வையுங்கள். தனியார் பெண்கள் விடுதி என்றால் 2014 சட்டப்படி உரிமம் வாங்கியதா என்று பார்த்துச் சேருங்கள்.

நீங்கள் குடும்பமாக வருவது பெரிய பலம். அம்மாவும் கூட வந்து வீடு பார்த்தால் பேச்சே மாறிவிடும். புரோக்கரிடம் ஒரு மாத வாடகை கொடுப்பதற்கு முன்னால் இரண்டு சனி, ஞாயிறு கால்நடையாகச் சுற்றுங்கள். நல்ல பழைய வீட்டு ஓனர்களில் பலர் ஆன்லைனில் போடுவதில்லை, கேட்டில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவதோடு சரி. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் நாலு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எந்த வீட்டில் யார் அடுத்த மாதம் காலி செய்கிறார்கள், எந்த ஓனர் ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

எப்போது வருவது என்றால், ஆடியில் வாருங்கள். ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள், ஆனியில் காலியான வீடுகள் அப்படியே கிடக்கும். ஒரு மாத வாடகை போகிறதே என்று ஓனர் தவித்துக்கொண்டிருப்பார், பேரம் படியும். அட்வான்ஸைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆவணி முதல் முகூர்த்தத்தில் அம்மா பால் காய்ச்சட்டும். அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு வாடகை போடாதீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டு ஓனர் அப்படித்தான் விட்டுக்கொடுத்தார்.